செக்ரட்டரி கொழுவி வைத்த கோட்

அன்று காலையிலிருந்தே தவமலருக்குக் கால் தரையில் பாவவில்லை. மின்சார வான் வண்டி செய்கிற சீன அரசுக் கம்பெனி ஒன்று லண்டனில் பழுது பார்க்க ஆள் தேடுகிறது. தேடி வந்தவர்கள் மாலையில் குரொய்டனில் ஒரு சீன உணவகத்தில் அவளோடு சாப்பிடப் போகிறார்கள். தோர்ண்டன் ஹீத்தில் அவளுடைய கராஜ் டீசல் வான்களை நம்பியே இருந்தது. லண்டனோ புகைக்குக் கட்டணம் போட்டு டீசல் வான்களை விரட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒப்பந்தம் கைக்கு வந்தால் கராஜ் தப்பும், வராவிட்டால் வருட முடிவோடு இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

மொழிபெயர்க்க ஷாமளாவை ஒழுங்கு செய்திருந்தாள். ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்த மலேசியத் தமிழ்ப் பெண், சீனம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவளுடைய ரயில் பிந்தி, விருந்தாளிகள் அவளுக்கு முன்னமே உணவகத்துக்கு வந்து நின்றார்கள்.

வந்தது இரண்டு பேர். மனேஜர் லியு நெடுவல், ஆங்கிலத்தில் நாலு சொல், மிச்சத்துக்குச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் கட்டை முடியும் சாம்பல் சட்டையுமாக ஒரு சின்ன உருவம். அந்தப் பெண் நீட்டிய விசிட்டிங் கார்டில் 'செக்ரட்டரி சூ' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஓகோ, குறிப்பெடுக்க ஆள் கொண்டு வந்திருக்கிறார் என்று தவமலர் தீர்மானித்துவிட்டாள். தீர்மானிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. மழையில் நனைந்த தன் கோட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, சுவரில் இருந்த கொழுவியைக் காட்டினாள். சூ அதைக் கொண்டுபோய்க் கொழுவினார். லியுவின் சிரிப்பு ஒரு கணம் தடக்கியதை, அவரை நடுக் கதிரையில் இருத்துகிற அவசரத்தில் தவமலர் கவனிக்கவில்லை.

ஷாமளா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கியது. தவமலர் கராஜைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். லியு எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார், ஷாமளா அதையே திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தாள்.

"ஆராய்ஞ்சு பார்த்துட்டுச் சொல்றாங்களாம் அக்கா."

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் கதைத்துச் சொல்கிறோம் என்று எழும்புகிற அதே பதில்தான் இது. இன்னொன்றும் தவமலரின் கண்ணில் பட்டது.

"இந்த மனிசன் ஏன் பிள்ளை டைப்பிஸ்டைப் பாத்துப் பாத்துக் கதைக்கிறார்?"

ஷாமளா கார்டைத் திருப்பிச் சீன எழுத்தைப் படித்தாள். முகம் வெளிறிப்போனது.

"ஐயோ அக்கா, இவங்க டைப்பிஸ்ட் இல்ல. கட்சிச் செயலாளர். அரசாங்கக் கம்பெனிக்குள்ள கம்யூனிஸ்ட் கட்சிக் கமிட்டி ஒண்ணு இருக்கும். அதுக்கு இவங்கதான் தலைமை. மேனேஜர் பேசுவாரு, முடிவு இவங்க கையில."

"நான் கோட்டைக் கழட்டிக் குடுத்திட்டன்."

"யார்கிட்ட?"

தவமலர் கண்ணால் சூவைக் காட்டினாள். வெட்கம் காது வரை சுட்டது. ஆனால் செயலாளர் என்ற சொல் அவளுக்குள் எதையோ தட்டி எழுப்பியது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய் சூவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை. உங்களைக் குறிப்பெடுக்கிற ஆள் எண்டு நினைச்சு என்ரை கோட்டைத் தந்திட்டன். வெக்கமாக் கிடக்கு. ஆனா நானும் ஒரு செக்ரட்டரிதான். எங்கட பழைய மாணவர் சங்கத்திலை தலைவருக்கு மாலை போடுவினம், மேடையிலை இருத்துவினம். மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்ரை கையிலை. என்னைக் கேக்காமல் அங்கை ஒரு கதிரை அசையாது."

ஷாமளா சொல்லி முடித்தபோது சூவின் கடைவாயில் ஒரு சிரிப்பு அசைந்தது. லியு மீனில் முள் தேட ஆரம்பித்தார். சூ முதன்முறையாக வாய் திறந்தார், ஷாமளா தமிழில் சொன்னாள்.

"எங்க வான் உளவு பாக்கும்னு இந்த ஊர்ல பேசிக்கிறாங்களே, நிருபர் யாராவது கேமராவோட உங்க வாசலுக்கு வந்தா என்ன சொல்வீங்கன்னு கேக்கறாங்க."

தவமலர் சொல்லப் போவது எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். ஆனாலும் அதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

"அந்த நிருபருக்கு முன்னாலை வானைத் திறந்து ஒவ்வொண்டாக் கழட்டி மேசையிலை வைப்பன். ஒண்டும் இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுவன். இருந்தால் இருக்கெண்டும் சொல்லுவன்."

"கடைசி வரி வேணாம்க்கா."

"அதுதான் முக்கியம். சொல்லு."

ஷாமளா சொன்னாள். லியுவின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. சூ தேநீரைக் கடைசி மிடறு வரை ஆறுதலாகக் குடித்தார். பிறகு லியுவிடம் சுருக்கமாக ஏதோ சொல்ல, ஷாமளா தவமலர் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை உங்க கராஜுக்கு ஒரு வான் வருதாம் அக்கா. நீங்க கழட்டும்போது இவங்களும் பக்கத்துல நிப்பாங்களாம். ஒண்ணும் இல்லன்னா அங்கேயே கையெழுத்து."

"இருந்தால்?"

ஷாமளா கேட்டுச் சொன்னாள். "இருந்தா, அது முதல்ல தெரிய வேண்டியது தனக்குத்தானாம்."

தவமலருக்கு எழுந்து துள்ள வேண்டும் போல இருந்தது. மரியாதைக்கு அடக்கிக்கொண்டாள்.

வெளிக்கிடும்போது சூ எல்லோருக்கும் முன்னால் எழுந்துபோய், கொழுவியிலிருந்து அந்த ஈரக் கோட்டை எடுத்து வந்து, தவமலருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார்.

"செக்ரட்டரி, யுவர் கோட்."

ஷாமளாவுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. தவமலர் இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள்.