விதுர்சன் இன்னும் ஆட்டமிழக்கவில்லை

1

ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தக் கதை எனக்குக் குப்பைத் தொட்டியால் கிடைத்தது. பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவுக்குத் திங்கட்கிழமைதான் தொட்டி வெளியே வைக்கிற நாள். பக்கத்து வீட்டுக் கஜந்தினி வைக்கவில்லை. ஒரு சொல் சொல்லிவிட்டு வருவோம் என்று போனேன்.

(பொய். போன கிழமை அவள் வீட்டில் புதுக் கட்டில் ஒன்று வந்திறங்கியது. ஆருக்கு என்று தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை.)

2

முதல் வசனம் இப்படித் தொடங்கியது: இங்கிலாந்தின் பச்சைப் புல்வெளியில் இளவெயில் மெல்ல—

வெட்டிவிட்டேன். நான் கண்டது இங்கிலாந்தை அல்ல, கஜந்தினியின் மடிக்கணினியை. அங்கே பகல் பதினொன்று, கடலுக்கு இந்தப் பக்கம், இங்கே, விடியக் காலை ஆறு. கவுண்டி கிரிக்கெற் ஆட்டத்தின் நாலாம் நாள், கடைசி நாள். மட்டையோடு நிற்பது அவளுடைய தம்பி விதுர்சன். நான் உள்ளே கால் வைக்க, பந்து எல்லைக்கோட்டுக்குப் போனது.

"அக்கா, அந்தக் கதிரையில இருங்கோ. இனி எழும்பக்கூடாது."

"ஏனடி?"

"நீங்கள் வந்தாப்போலதான் நாலு அடிச்சவன்."

கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிற வேலை அவளுக்கு. இண்டைக்குச் சுகமில்லை என்று அறிவித்தாயிற்று. நல்ல புத்தியுள்ள பெட்டைதான். ஆனால் கிரிக்கெற் என்று வந்தால், விக்கெற் விழாத நேரம் ஆர் எங்கே இருந்தாரோ அங்கேயே இருக்க வேணும்.*

* உணவு இடைவேளைக்கும் தேநீருக்கும் எழும்பலாமாம். கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

3

உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்ஸர் தேவை. ஒன்று எழுதியும் பார்த்தேன், பொருந்தவில்லை. விதுர்சனின் அணி இனி வெல்ல ஏலாது. ஆட்டம் முடியும்வரை எல்லாரும் அவுட்டாகாமல் நின்றால் வெற்றி தோல்வி இல்லை, அவ்வளவுதான். ஆகவே அவன் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். நூற்று நாற்பத்து மூன்று பந்து, பத்தொன்பது ஓட்டம்.

"இது விளையாட்டோ, தவமோ?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அக்கா."

இருந்தேன், ஐந்து நிமிடம். பிறகு கட்டிலைப் பற்றிக் கேட்டேன்.

"அவனுக்குத்தான். இந்த வருசத்தோட ஒப்பந்தம் முடியுது. இண்டைக்கு நிண்டு காட்டினா புதுப்பிப்பினமாம். இல்லாட்டி எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்ச வாறன் எண்டவன்." அடுத்த பந்தையும் அவன் தட்டிய பிறகு, "லண்டனில சித்தப்பா வீட்டில அவனை விட்டிட்டுக் கலியாணம் கட்டி வந்தனான். பதினொரு வருசம். என்ர கையால ஒருநேரச் சோறு குடுக்கேல்லை."

4

இங்கேதான் எழுத்து நின்றுவிட்டது. இவள் என்ன வேண்டிக் கும்பிடுகிறாள்? தம்பி அவுட்டானால் கட்டிலுக்கு ஆள் வரும். நின்றால் வராது.

தம்பியின் வாழ்வுக்காக உருகும் அக்கா என்று ஒரு பக்கம் எழுதினேன். பாடப்புத்தக வாசம் அடித்தது. உள்ளுக்குள் அவன் தோற்க வேண்டுமென்று ஏங்கும்— அதையும் கிழித்தேன், அவளும் இதை வாசிப்பாள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: பந்து மட்டைக்குத் தப்பிப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினாள். பயத்திலா, ஆசையிலா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவராது.

5

இங்கே பகல் ஒரு மணிக்கு, அங்கே ஆட்டம் முடிகிற ஆறு மணிக்கு, நாலு நிமிடம் இருந்தது. ஒன்பது விக்கெற் போய்விட்டது, இன்னும் ஒன்று போனால் தோல்வி. கடைசி ஓவர், ஆறு பந்தும் விதுர்சனுக்கு.

வேணுமென்றேதான் செய்தேன். "கால் விறைச்சுப்போச்சு, நான் வாறன்" என்று கதிரையை விட்டு அரைவாசி எழும்பினேன்.

கஜந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. காப்பு தோலில் பதிந்தது.

"இருங்கோ அக்கா. அவன் நிக்கட்டும்."

இருந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. அழுதாள், சிரித்தமாதிரியும் இருந்தது.

அந்த ஆறு பந்தும் என்னிடம் இருக்கின்றன. எழுதமாட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவளும் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துவிட்டாள். நீங்கள் அவனை அவுட்டாகாமல் நிற்க வையுங்கள், அல்லது விழுத்தி விமானம் ஏற்றி அனுப்புங்கள்; பியர்பொன்ட்ஸில் வரவேற்க ஆள் இருக்கிறது. பந்து வீசுகிறவன் ஓடிவரத் தொடங்கிவிட்டான். கெதியாய் யோசியுங்கள்.