மேல் மாடிக்குச் செய்த மணிக்கூடு

1.

இந்தக் கதை எனக்கு வயிற்றெரிச்சலில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை இல்லை என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. இலங்கையின் கிழக்குக்கரையில், சாய்ந்தமருதில் ஒரு பள்ளிவாசல். பெயர் கேட்காதீர்கள், கதைக்காக நான் கட்டிய பள்ளி அது. ஆனால் பெண்கள் தொழும் அதன் மேல் மாடியை நான் கட்டவில்லை. அதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அங்கே ஒலிபெருக்கி கரகரக்கும், இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். கீழே இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியது மேலே தெரியாது. ஆகவே சல்மா உம்மா என்ற வயதான பெண், படிக்கட்டின் உச்சியிலுள்ள கம்பி வலையில் முகத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆண்கள் வரிசை கட்டியதும், "எழும்பிட்டாங்க புள்ளயள், எழும்புங்க!" என்பார். எல்லோரும் தொழுகையில் சேர்ந்துவிடுவோம். முழங்கால் நோவோடு கம்பியிலிருந்து திரும்பி வரும் சல்மா உம்மாவுக்கு மட்டும் தொழுகையின் முதல் சுற்றான முதல் றக்அத் தப்பிவிடும்.

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் ஆரம்பம்: "றுமானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மின்விளக்குகள் என்றால் ஒரு—"

[அடித்துவிட்டேன். மேல் மாடியில் என் பக்கத்தில் தொழும் றுமானா வாசித்துவிட்டுச் சிரித்தாள். "சின்ன வயசில எனக்குக் கரண்டெண்டாலே பயம் டீச்சர்."]

இரண்டாவது: "கடலோர ஊரின் இருளில் ஒரு சிவப்பு ஒளி மெல்ல—"

[வேண்டாம். கவிதை எழுதக் கோபம் விடவில்லை.]

மூன்றாவது, நேராக: றுமானா சல்மா உம்மாவுக்காக ஒரு மணிக்கூடு செய்தாள்.

3.

குசினி மேசையில்தான் செய்தாள். எல்ஈடி பலகையும், தீப்பெட்டியளவு மைக்ரோகொன்ட்ரோலரும்* பார்சலில் வந்தன. சோல்டர் பிடிக்க யூடியூபில் கற்றுக்கொண்டாள். முதல் நாள் எழுத்தெல்லாம் தலைகீழாக எரிந்தது. பிறகு நேராயிற்று, ஆனால் நேரம் பிழைத்தது. அந்தி மஹ்ரிப் பாங்கு சொல்லி முடிந்து, ஊரே நோன்பு திறந்து பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட பிறகும், பலகை இன்னும் பொறு என்றது. இணையத்தில் எடுத்த புரோகிராமுக்குள் இருந்தது கொழும்பு நேரம். கிழக்குக்கரையில் சூரியன் முந்தி விழுவது அதற்கு எப்படித் தெரியும்? றுமானா அதை வாயாரத் திட்டிவிட்டு, ஊர் அட்டவணையைத் தானே உட்கார்ந்து ஏற்றினாள்.

அவளுக்கே பெருமையான வேலை ஒன்று அதில் இருந்தது. கூட்டுத் தொழுகையான ஜமாஅத் தொடங்க இன்னும் எவ்வளவு நேரம் என்று பலகை எண்ணிக்கொண்டு வரும். கடைசி நிமிடத்தில் முழுப் பலகையும் மின்னும். அப்போது சல்மா உம்மாவும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கலாம், கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை.

(* சொன்னதைச் செய்யும், எதிர்த்துக் கதைக்காத ஒரு சின்னக் கணினி. இந்தக் கதையில் சொன்னதைச் செய்வது அது ஒன்றுதான்.)

4.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் மணிக்கூட்டைக் கொண்டுபோனவன் அவள் கணவன் முபீன். அங்கே பெண்கள் போய்க் கதைக்கும் வழக்கம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அது எரிந்தது: கீழே, இமாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஏற்கெனவே ஒரு மணிக்கூடு தொங்கிய அதே சுவரில். அதன் கீழே பளபளவென்று ஒரு தகடு: "அன்பளிப்பு: ஜனாப் முபீன்."

சல்மா உம்மா கம்பிக்குள்ளால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவா எரியுது புள்ள. இஞ்ச இருந்து பாதிதான் தெரியுது."

அன்று இரவு வீட்டில் நடந்தது:

"மேல கொழுவத்தானே குடுத்துவிட்ட நான். சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னன். மேல பொம்புளயளுக்கு என்னத்துக்கு நேரம், நாம எழும்பினா அவங்களும் எழும்புறதுதானே எண்டு தலைவர் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முபீன் பிளேன்டிக் கோப்பையை ஊதினான். "என்னத்தச் சொல்ற."

"தகட்டில பேரு?"

"அது அவங்களாப் போட்டது."

"கழட்டச் சொல்ல உங்களுக்கு வாயில்லையா?"

முபீன் நல்லவன். [இந்த வரியைப் பலமுறை அடித்தேன், பலமுறை திரும்ப எழுதினேன். நல்லவன்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.]

5.

கதைக்கு நான் யோசித்த முடிவுகளை றுமானாவிடம் கொண்டுபோனேன்.

முடிவு ஒன்று: மணிக்கூடு பழுதாகிறது. தலைவர் அவள் வாசலுக்கு வந்து கெஞ்சுகிறார். "என்ட மணிக்கூட்டப் பழுதாக்க நீங்க யாரு டீச்சர்?" என்று சீறினாள். "கரண்ட் போனாலும் நேரம் பிசகாத மாதிரிச் செஞ்சிருக்கன்."

முடிவு இரண்டு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முபீன் எழுந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறான். அவள் என்னை 'ஐயோ பாவம்' என்பதுபோலப் பார்த்தாள்.

முடிவு மூன்று: மேல் மாடிக்கென்று அவள் இன்னொன்று செய்கிறாள். இதற்குத்தான் உண்மையான கோபம் வந்தது. "நான் ஏன் திரும்பச் செய்யணும்? செஞ்சுதானே குடுத்த நான். அதத் தூக்கி மேல கொழுவட்டும்!"

[ஓம், அவள் சொன்னதுதான் சரி. அந்த முடிவை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.]

6.

இனி நடப்பது அதே நோன்பு மாதத்தில், ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். மேல் மாடியில் றுமானா என் பக்கத்தில் இருக்கிறாள். மடியில் போன். மணிக்கூட்டுக்குச் சொந்தமாக ஒரு வைஃபை உண்டு; கடவுச்சொல் அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பலகையின் அடிவரியில் "கைத்தொலைபேசிகளை நிறுத்திவைக்கவும்" ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அவள் போனில் வேறொன்று எழுதியிருக்கிறாள்:

"இது மேல் மாடிக்காகச் செய்தது. செய்தவள் றுமானா."

'அனுப்பு' பொத்தானை அமர்த்தினால் கீழே அத்தனை ஆண்களின் முகத்துக்கு நேரே ஓடும். நாளைக்கு ஊர் என்ன கதைக்கும் என்பதும், முபீன் தெருவில் எப்படி நடப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். பெருவிரல் திரைக்கு மேலே நிற்கிறது.

"அமத்து," என்றேன். எழுதுகிறவளுக்கு அந்த உரிமை இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

"அமத்தினனா இல்லையா எண்டு நீங்க எழுதக்கூடாது டீச்சர். எழுதினா, நல்ல கதை எண்டு சொல்லி மூடி வச்சிருவாங்க."

"எழும்பிட்டாங்க புள்ளயள்!"

எழுந்தோம். றுமானா போனை முசல்லா விரிப்பின் ஓரத்தில் வைத்தாள். திரை அணையவில்லை. சல்மா உம்மா கம்பியை விட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து வரிசைக்கு வந்து சேர்வதற்குள் இமாம் ருகூவில் குனிந்து நிமிர்ந்துவிட்டார்; அவருக்கு முதல் றக்அத் இன்றும் தப்பிவிட்டது.

நாங்கள் தொழுதுகொண்டிருக்கிறோம், திரும்பிப் பார்க்கமாட்டோம். போன் உங்கள் பக்கத்தில்தான் கிடக்கிறது. திரை அணைந்துபோனால், போனுக்கும் மணிக்கூட்டுக்கும் ஒரே கடவுச்சொல்தான்: சல்மா உம்மாவின் பெயர்.