வலையில் வந்த பாம்பு

காலையில் வலையிலிருந்து வழுக்கி வந்த கடல் பாம்பு கட்டைவிரலில் பல் பதித்தபோது மாசிலாமணி சிரித்தான். சாந்தோம் குப்பத்து ஆண்களுக்கு இதில் ஒரு வீம்பு. கடல் பாம்பை வெறும் கையால் எடுத்து அலையில் வீசிவிட்டு, கடித்த இடத்தில் ஈர மணலைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். வலிக்காத கடியை யார் மதிப்பார்கள்? அவனும் மணலைத் தேய்த்தான். கூட்டாளி பக்கிரியோடு கடைசிவரை கயிறு இழுத்தான். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தவனுக்கு வாய் திறக்கவில்லை. பிறகு காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அவன் மனைவி லூர்துமேரி தெருவுக்கு ஓடி ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தாள். பக்கிரியும் அவளுமாக அவனை ராயப்பேட்டையில் டாக்டர் சுப்பராயன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை. இமை மட்டும் பாதி மூடிக் கிடந்தது.

“கண்ணாடி விரியன் இல்லை. விரியன்னா ரத்தத்தைக் கெடுக்கும், கை இந்நேரம் வீங்கியிருக்கும். இது நரம்பைப் பிடிக்கிற விஷம். நல்ல பாம்பாம்மா?” என்றபடி அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

“கடல் பாம்புங்க,” என்றான் பக்கிரி. பொய் சொல்லத் தெரியாத பாவி.

டாக்டரின் கை நின்றது. “அதுவும் நரம்பைத்தான் பிடிக்கும். ஆனா மருந்து நல்ல பாம்புக்கும் விரியனுக்கும்தான் பண்றாங்க. இதுக்கு இன்னும் யாரும் பண்ணலம்மா.” குப்பியை மறுபடி உள்ளே வைத்தார்.

அலமாரிக் கதவு மூடியதுதான் லூர்துமேரிக்குத் தெரிந்தது. மாதாவே, மருந்து கண்ணெதிரே இருக்கிறது, பாம்பின் பெயரல்லவா குறுக்கே நிற்கிறது!

“இல்ல சாமி, நல்ல பாம்புதான்! இவனுக்கு இன்னா தெரியும்? வல காயப்போட்ற எடத்துல கடிச்சிது. நான் பாத்தேன். படம் எடுத்துக்கினு நின்னிச்சி சாமி. ஊசி போடு.”

பக்கிரி தரையைப் பார்த்தான். டாக்டர் அவளையே பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் அலமாரியைத் திறந்து, குப்பியை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றினார்.

ஊசி இறங்கியது. அவள் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். சொன்ன பொய் நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திவிட்டாள்.

மாசிலாமணியின் இமைகள் இப்போது முழுவதும் இறங்கிவிட்டன.

“யோவ், என்னப் பாருய்யா.”

மீன் வாடை போகாத விரலால் அவன் இமையை மெல்லத் தூக்கினாள். உள்ளே விழி தெளிவாக இருந்தது. அவளைக் கண்டு அசைந்தது. விரலை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.