பாலில் வெந்த கடற்பாசி

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள ரூஜ்முனைத் துறையில், சமூகக்கூடச் சமையலறையில் இரண்டு பெண்கள் கடற்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தனர். ஒருத்தி ரோசலி ஷியாசோன். சிங்கி இறால் பிடிக்கும் உரிமமும் சொந்தப் படகும் உடையவள். மற்றவள் அவளுடைய அண்ணன் மனைவி எர்னஸ்டின். மாதாகோவில் விருந்துகளுக்குப் பாசிப் புட்டிங் என்னும் பால் இனிப்பைச் செய்வதில் அவளை மிஞ்ச அத்துறையில் ஆளில்லை.

அன்று காய்ச்சியது விருந்துக்காக அன்று. முந்தைய ஆண்டுப் புயலில் கயிறு அறுந்து தொலைந்த இறால் பிடிக்கும் கூடு ஒன்று, பருவம் முடிந்து வெகுநாள் கழித்து, ரோசலியின் நங்கூரத்தில் சிக்கி மேலே வந்தது. உள்ளே வைத்த இரை எப்போதோ தீர்ந்திருந்தது. ஆயினும் கூடு தன் வேலையை நிறுத்தியிருக்கவில்லை. செத்த இறாலே அடுத்த இறாலுக்கு இரையாகி, வெற்று ஓடுகள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. ஒன்று மட்டும் உயிரோடு, ஒற்றைக் கொடுக்கால் கம்பிவலையைப் பற்றிக்கொண்டிருந்தது. தானாகத் திறந்துகொள்ளாத கூட்டை இனிக் கடலில் இறக்குவதில்லை என்று ரோசலி அன்றே சொன்னாள். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் அவளிடம் இல்லை. ஆகவே, திறக்கும் கூடு ஒன்று அமையாவிட்டால் அவளுடைய படகு விலைக்குப் போகும். துறை முழுவதும் இதை அறிந்திருந்தது.

கதவு ஆயத்தமாகவே இருந்தது. கரையொதுங்கிய பழைய பிளாஸ்டிக் கயிறுகளையும் உடைந்த மீன்பெட்டிகளையும் கழுவி, நறுக்கி, கொட்டகையிலிருந்த பழைய சாண்ட்விச் மேக்கரில் உருக்கி, பலகைக்கடியில் அழுத்தி அவளே வார்த்தது அது. நீலமும் மஞ்சளும் அதில் வானத்து மேகம்போல் கலந்து கிடந்தன. கதவைப் பூட்டி, கூடு தொலைந்துபோனால் சில வாரங்களில் தானே கரைந்து அதை விடுவிக்கும் கொக்கிதான் கைகூடவில்லை. பாசிச்சாற்றில் கிளிசரின் சேர்த்து வார்த்த கொக்கிகள் கண்ணாடிபோல் அழகாக உலர்ந்தன; கடல்நீர் வாளியில் இட்டால் மறுநாளே சளியாயின.

"அண்ணி, என்ன ஊத்துறீங்க?"

எர்னஸ்டின் தன் கையைத் தானே குனிந்து பார்த்தாள். பால் குடுவை பாதி காலியாகியிருந்தது.

"அட, கைப்பழக்கம்டி. பாசி கொதிச்சா பால ஊத்துன்னு இந்தக் கைக்கு எத்தன வருஷமாச் சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கி மட்டும் வேண்டாம்னா கேக்குமா?"

"அப்படியே வெனிலாவும் போட்டுருங்க. கொக்கியத் தின்னுட்டு இறாலு கை தட்டும்."

"போடலையேன்னு சந்தோஷப்படு. கை அதுக்கும் நீண்டுச்சு."

கொட்டிவிடலாம் என்றால், வெயிலில் வெளுத்த பாசி வேறு கைவசம் இல்லை. வருவது வரட்டும் என்று ரோசலி அதையே அச்சில் ஊற்றினாள்.

உலர்ந்து வந்தது கண்ணாடியன்று. பழைய பியானோவின் வெள்ளைக் கட்டைபோல மங்கிய வெண்மை. வளைத்தாள், வளைந்து மீண்டது. வாளியில் இட்டாள். மறுநாள் கொக்கி கொக்கியாகவே இருந்தது. வாரம் கடந்தும் இருந்தது. காலையில் பாலாகவும் கடற்கரைக் களையாகவும் இருந்த இரண்டு பொருள்கள், ஒரு கொதியில் ஒன்றையொன்று இப்படிக் கைகோத்துக்கொண்டது எவ்வாறு என்று இருவருக்கும் விளங்கவில்லை. எர்னஸ்டின் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தாள். "நாம இத்தன நாளா இதத்தான் தின்னோமா?" என்று மெல்லக் கேட்டாள்.

எல்லார் கூடுகளிலும் இதை மாட்டலாம் என்று ரோசலி கேட்கப் போனாள்; ஆனால் துறைச் சங்கத்தின் தலைவர் எல்மர் கீயோ அவ்வளவு எளிதில் வியப்பவர் அல்லர்.

"புட்டிங்க நம்பி ஊர்க் கூட்டுக்கெல்லாம் கதவு மாட்டச் சொல்ற."

"நம்பச் சொல்லல, எல்மர் அண்ணே. பாருங்கன்னுதான் சொல்றேன்."

"சரி. துறைமேடை ஓரத்துல, எல்லாரும் பாக்குற எடத்துல கூட்ட எறக்கு. உள்ள ஒரு இறாலு. ஒரு வாரத்துக்குள்ள கதவு தெறந்தா புடிச்சதெல்லாம் ஓடிரும், நீ தோத்த. மூணு வாரம் ஆகியும் தெறக்கலன்னாலும் தோத்த."

"நடுவுல தெறந்தா?"

"மொதல்ல தெறக்கட்டும் தாயி. அப்புறம் வாயத் தெறப்போம்."

மே 2ஆம் நாள் கூடு இறங்கியது. பருவம் தொடங்கி எல்லாப் படகுகளும் விடியுமுன் புறப்பட்டன. ரோசலியின் படகு மட்டும் கட்டிய கயிற்றில் ஆடிக்கொண்டு கிடந்தது. முதல் வாரம் கழிந்தது; கதவு அசையவில்லை. இரண்டாம் வாரமும் அசையவில்லை. "என்ன ரோசலி, உன் இறாலு வாடகைக்கு வந்திருச்சா?" என்று இரைப்பெட்டி தூக்கிச் செல்பவர்கள் கேட்டுச் சென்றார்கள்.  படகை வாங்க ஒருவன் வந்து பார்த்துச் சென்ற மாலையில், அவள் நெடுநேரம் மேடையோரத்தில் அமர்ந்து நீரையே பார்த்திருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு, கெடுவுக்கு முந்தைய நாள். ஞாயிறன்று அங்கு எவரும் கூடு தூக்குவதில்லை. ஆகவே பூசை முடிந்ததும் கோவில் உடையோடு பாதி ஊர் மேடையில் நின்றது. காற்று விழுந்து, நீரைக் கலக்கிய செம்மண் அடங்கி, நீர் அடிவரை தெளிந்திருந்தது.

"கொக்கி இளைச்சிருக்கு," என்றாள் எர்னஸ்டின்.

"அலை ஆடுது, உனக்கு அப்படித் தெரியுது," என்றார் எல்மர்.

அவர் சொல்லி வாய்மூடுமுன் கொக்கி நூலாக நீண்டது. பின்பு அந்த நூலும் இல்லை. கூட்டின் மேல்முகத்தில் பதிந்திருந்த கதவு சற்று நடுங்கிற்று. யாரும் தொடாமல், எந்தக் கயிறும் இழுக்காமல், அது மெல்ல மேல்நோக்கி எழுந்து, நீலமும் மஞ்சளுமாய் நீருக்குள் நிமிர்ந்து நின்றது. மூழ்க மறுத்து இத்தனை ஆண்டுகளும் அவர்களுடைய கரையைக் குப்பையாக்கிய அதே பொருள், அந்த மூழ்காத இயல்பினாலேயே ஒரு சிறையைத் திறந்து நின்றது.

 ஆண்கள் சிலர் தொப்பியைக் கழற்றியதைத் தாமே அறியவில்லை. இறால் முதலில் உணர்கொம்புகளை வெளியே நீட்டித் துழாவியது. பிறகு விளிம்பின்மேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, வாலை ஒருமுறை சுருட்டிப் பின்னோக்கிப் பாய்ந்து பாறைகளுக்கிடையே மறைந்தது. திறந்த கதவு தன்பாட்டுக்கு மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

 ரோசலி எர்னஸ்டினின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணி," என்றாள். "அதுவாச் செய்யுது."

எல்மர் நீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாயங்காலம் கூட்டம். எல்லாரும் வரணும்," என்றார்.

அன்று மாலை சங்கம் கூடி முடிவு செய்தவை இவை: ரோசலி படகை விற்பதில்லை, எஞ்சிய பருவத்தில் கதவிட்ட கூடுகளை மட்டும் இறக்குவாள். அடுத்த பருவம் முதல் ஒவ்வொரு படகும் தன் கூடுகளில் காற்பங்குக்கு இக்கதவை மாட்டிச் சோதிக்கவேண்டும். கொக்கிகளைச் சனிக்கிழமைதோறும் மாற்றவேண்டும். பாசியும் பாலும் சங்கத்தின் செலவு. கரையொதுங்கும் கயிற்றை இனி எவரும் எரிக்கக்கூடாது. ரோசலியின் கொட்டகையில் சேர்க்கவேண்டும். மூவர் எதிர்த்தனர், ஏனையோர் ஏற்றனர்.