பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்

நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் ஏன் சமூகப் பணியாளராக விரும்புகிறீர்கள்?" என்பது.

"மற்றவர்களுக்கு உதவி செய்ய ஆசை" என்றேன். எனக்கு முன்னால் உள்ளே போன பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்குப் பின்னால் நின்றவள் அதை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

நடுவில் இருந்த மிஸ் என் ஊன்றுகோலைப் பார்த்தார். "உங்களுக்கே உதவி தேவைப்படும்போது என்ன செய்வீர்கள்?"

"ஆள் இருக்கிறார்கள், மிஸ்."

அது பொய்யில்லை. ஆனால் அதை முழுதாகச் சொல்லத் தொடங்கியிருந்தால் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பகல் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

என் வலது பாதம் பிறக்கும்போதே உள்ளுக்கு மடிந்து வந்தது. வெட்டினார்கள், தைத்தார்கள், இரும்பு போட்டார்கள். கடைசியில் பிசியோதெரபி மிஸ், "இனி நடைதான் மருந்து. ஒவ்வொரு நாளும் ஓரிடத்துக்குப் போய்த் திரும்பி வாங்க" என்றார். எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருந்து போகக்கூடிய ஒரே இடம் கிண்ணியாப் பாலத்தடி. காற்று வரும், கடல் தெரியும், பஸ் நிற்கும். மற்றவர்கள் அங்கே ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் போய்விடுவார்கள். நான் போய்ச் சேரும்போது, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என்னைக் கடந்து வந்தவர்கள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்காக மறுபடி என்னைக் கடந்து போவார்கள்.

தனியாகப் போகக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். அதனால் ஒழுங்கையில் இருந்து யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த வீட்டு நஜ்முன் நிஸா மாமி கேட்டு வருவார். அவருடைய மருமகள் பஸ்னா ராத்தா கேட்டு வருவார். உம்மாவின் தம்பி நஸ்ரி மாமா கேட்காமலே வாசலில் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா தானே வருவார்.

உம்மாவுக்கு இதைப் பார்த்துக் கண் கலங்கும். "அல்லாஹ் எங்களுக்கு எவ்வளவு நல்ல சனத்தைத் தந்திரிக்கான்" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய் வாய்ப்பன் பொரிப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீரும் வாய்ப்பனும் நிச்சயம்.

மெதுவாக நடக்கிறவளோடு போனால் என்ன நடக்கும் என்று உம்மாவுக்குத் தெரியாது. வேகமாக நடக்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும், கதைக்க ஏலாது. என்னோடு வருகிறவர்களுக்கு மூச்சு நிறைய மிச்சம். முதலில் வெயிலைப் பற்றிக் கதைப்பார்கள். பிறகு மீன் விலை. ஒழுங்கை முடிந்து தார் வீதிக்கு ஏறும்போது, வேறு எவரிடமும் சொல்லாத ஒன்று தானாக வெளியே வந்துவிடும்.

பஸ்னா ராத்தா ஒழுங்கை திரும்பியதுமே போனை எடுத்து மூதூரில் இருக்கும் தன் உம்மாவோடு கதைப்பார். அழுகை பாதி, சிரிப்பு பாதி. வீட்டில் கதைத்தால் மாமியாருக்குக் கேட்டுவிடுமாம். போனை வைத்ததும் என் பக்கம் திரும்புவார்: "அந்த மனிசிக்கு நான் என்னடி செய்தன்? தேத்தண்ணி ஊத்தி வெச்சுக் கூப்பிடுறன். திரும்பியும் பாக்குதில்ல. சுவரோட கதைக்கலாம்."

நஜ்முன் நிஸா மாமி வரும் நாட்களில் அதே வீட்டின் மற்றப் பக்கம் வரும். "என்ட மருமகள் இரிக்கிறாளே, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறாள். ஏசுறாளா, ஓதுறாளா, ஒண்டும் விளங்கல்ல."

மாமி எப்போதும் என் வலது பக்கமாகவே நடப்பார். நான் அந்தப் பக்கம் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாலும் சுற்றி வந்து அதே பக்கம் சேர்ந்துகொள்வார். ஒரு நாள் பின்னால் லொறி ஹோர்ன் அடித்தும் விலகவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். கால் சரியில்லாதவள் கால் நல்லா உள்ளவரை இழுத்ததைப் பார்த்து லொறிக்காரன் தலையை வெளியே போட்டுச் சிரித்தான். மாமி வீதியோரத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்கு வலது காது கேக்கிறல்ல, மகள். மத்ததும் மட்டுமட்டுத்தான். ரெண்டு வருஷமாச்சு. மெஷின் போடச் சொல்றாங்க. போட்டா அண்டைக்கே கிழவி எண்டு முடிவு கட்டிருவாங்க. ஒருத்தருக்கும் சொல்லிராதே."

நான் சொல்லவில்லை. பஸ்னா ராத்தாவிடம் மட்டும், "ராத்தா, மாமியைப் பின்னால இருந்து கூப்பிடாதீங்க. முன்னால போய் நிண்டு முகத்தைப் பாத்துக் கதைங்க. பெரியாக்களுக்கு அதுதான் மரியாதை" என்றேன். அப்படி ஒரு மரியாதை இருக்கிறதோ தெரியாது. இரண்டு கிழமையில் அந்த வீட்டில் கோபத்தோடு கதிரை இழுக்கும் சத்தம் எங்கள் பக்கம் கேட்பது குறைந்தது.

நஸ்ரி மாமாவின் விஷயம் சுகமானது. அவருக்குப் பாடவேணும். மாமனார் வீட்டில் இருப்பவர், மாமனார் கண்டிப்பானவர். பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் பழைய பாட்டுகளாக எடுத்துவிடுவார். அந்தக் குரலுக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் ரசிகை. ஓட முடியாதவள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாப்பாவின் வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றிலும் பெரியது.

பாலத்தடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேராக அபூதாஹிர் சாச்சாவின் சர்பத் கடை இருக்கிறது. சாச்சா வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி; ஒரு காலத்தில் அண்ணனை வாய்க்கு வாய் 'காக்கா' என்று கூப்பிட்டவர். ஒரு மதிலை வேலிக்கு இந்தப் பக்கம் கட்டுவதா அந்தப் பக்கம் கட்டுவதா என்று தொடங்கி, மூன்று வருஷமாக இருவரும் கதைப்பதில்லை. மதில் இன்றுவரை கட்டப்படவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கு முன்னால் வந்ததும் வாப்பா நின்றார். "கால் நோகுதா, மகள்?"

"இல்ல, வாப்பா."

"நோகும். இரி."

அங்கே கதிரை உள்ள கடை அது ஒன்றுதான். நான் இருந்தேன். வாப்பாவும் தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். சாச்சா கேட்காமலே இரண்டு சர்பத் கொண்டுவந்து வைத்தார். வாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உன்ட சாச்சாட்டச் சொல்லு, சீனி கூடிப்போச்சு. எதிலயும் அளவு தெரியாத ஆள் எண்டு சொல்லு."

"சாச்சா, சர்பத் நல்ல இனிப்பாம்" என்றேன்.

"உன்ட வாப்பாட்டச் சொல்லு, பிடிக்காட்டிக் குடிக்கத் தேவையில்ல எண்டு. கிளாஸ் காலியா இரிக்கே, அதையும் கேளு."

"வாப்பா, இன்னும் ஒண்டு வேணுமா எண்டு கேக்கிறார்."

இருவருக்கும் இடையில் ஒரு மேசைதான். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் நான் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கு வெள்ளி இப்படியே போனது. சாச்சாவுக்கு முட்டி வலி என்பதும், வாப்பாவின் கடையில் சீமெந்து விற்பனையாகவில்லை என்பதும் என் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்கு வந்ததும் வாப்பா உம்மாவிடம், "பிள்ளைக்கு இண்டைக்கும் கால் நோவு. இருந்துதான் வந்தம்" என்பார். உம்மா எனக்கு எண்ணெய் தேய்ப்பார். நோகாத காலுக்கு எவ்வளவு எண்ணெய் போனது என்பது எனக்கும் அந்தக் காலுக்கும்தான் தெரியும்.

இந்த நடைகளில்தான் எனக்கு அந்தச் சமூகப் பணியாளர் ஆசை வந்தது. இதைப் படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள், இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் எனக்கு நித்திரையே வரவில்லை.

பயிற்சி நிலையத்தில் இருந்து போன் வந்தது. நேர்முகத் தேர்வில் எடுபட்டிருக்கிறேன். வகுப்பு திருகோணமலை டவுனில். வருவேனா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

செய்தி கேட்டு ஒழுங்கை எங்கள் ஹோலுக்குள் வந்தது. நஜ்முன் நிஸா மாமி, பஸ்னா ராத்தா, நஸ்ரி மாமா. உம்மா வாய்ப்பனோடு வந்தார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சோஷல் சேவிஸ் செய்யப் போறியா? உனக்குச் சேவிஸ் செய்யவே இந்த ஒழுங்கை காணாது" என்றார். "அங்க ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு திரியிற? நான் சொல்லி நீ கேக்க மாட்டாய். இவங்கள்ட்டக் கேப்பம். நிஸா ராத்தா, நீங்க சொல்லுங்க. இவளைப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போறது லேசான வேலையா?"

பஸ்னா ராத்தா தன் கால்விரலைப் பார்த்தார். நஸ்ரி மாமா ஒரு முழு வாய்ப்பனை வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்ததில் ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று வாப்பாவுக்கு விளங்கியிருக்கும். ஆனால் அதைச் சொல்லிப் பெறுகிற வேலைக்கு, சொன்ன அந்த நிமிஷமே நான் தகுதியில்லாதவள் ஆகிவிடுவேன். வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தேன். அதற்குள் என் டவுன் வகுப்பு மூழ்கிக்கொண்டிருந்தது.

மாமி பதில் சொல்லவில்லை. அவர் மௌனத்தில் பெரிய யோசனை இருப்பதாக வாப்பா நினைத்தார். எனக்குத் தெரியும், வாப்பா இருந்தது அவருடைய வலது பக்கம்.

பஸ்னா ராத்தா எழுந்து போய், மாமியின் முன்னால் குந்தி, முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "மாமி, ஜுமானாட வாப்பா கேக்கிறார். இவளைக் கூட்டிக்கொண்டு போறது கஷ்டமா எண்டு."

மாமி மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ சொல்லிட்டியா இவளுக்கு?"

"இல்ல, மாமி."

"எதைச் சொல்ல?" என்றார் பஸ்னா ராத்தா.

அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. மாமி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பாலத்தடி வரை கேட்கும் குரலில் சொன்னார்: "எனக்கு வலது காது கேக்காது! இந்தப் பிள்ளை ஒருத்திக்குத்தான் தெரியும். தம்பி, இவள்ற காலுக்காக நான் போகல்ல. என்ட காதுக்காகப் போனன். இவளோட நடந்தாத்தான் ஒருத்தர் கதைக்கிறது எனக்கு விளங்கும். போதுமா?"

"அப்ப நான் கூப்பிடக்குள்ள திரும்பாம இருந்தது…"

"கேக்கல்லடி. நீ வாய்க்குள்ள ஏசுறாய் எண்டு நான் நினைச்சன்."

"ஐயோ, மாமி." பஸ்னா ராத்தா கொஞ்சம் யோசித்தார். "சில நாள் ஏசினதுதான்."

முதலில் மாமிதான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து நஸ்ரி மாமாவும் வாய்ப்பனை விழுங்கிவிட்டு, "நான் பாட்டுப் படிக்கத்தான் போறன், மச்சான்" என்றார்.

"அது எல்லாருக்கும் தெரியும்" என்றார் வாப்பா. "உன்ட மாமனாருக்கும் தெரியும்."

உம்மா தட்டை மேசையில் வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் பொரிச்ச வாய்ப்பன்?"

ஒருவரும் வாய்ப்பனை விடவில்லை.

வாப்பா நிமிர்ந்து இருந்தார். "சரி. எல்லாருக்கும் ஒவ்வொரு காரணம் இரிக்கி. நான் ஒருத்தன்தான் பிள்ளைக்காகப் போயிருக்கன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படித்தானே, மகள்?"

"ஓம், வாப்பா."

"வெள்ளிக்கிழமைக் கதை ஒண்டும்…"

"எந்தக் கதை, வாப்பா?"

வாப்பாவின் இரண்டு காதுகளும் சிவந்தன. பிறகு கேட்ட குரல் வேறாக இருந்தது. "படிக்கிறது சரி. பஸ் நிக்குமா? நீ ஒரு காலைத் தூக்கி வைக்க முந்தி அவன் டவுனுக்குப் போயிருவான். பஸ்ஸை நிப்பாட்டி வெச்சு உன்னை ஏத்திவிட அங்க ஆர் இரிக்கா?"

பஸ் நிற்கும் இடத்துக்கு நேராக, விடிந்ததில் இருந்து மஃரிப் வரை அசையாமல் யார் இருக்கிறார் என்பது அந்த ஹோலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

"கால் நோகுதா?" என்றார் வாப்பா, கடைக்கு முன்னால்.

"இல்ல."

"நோகும். இரி."

சர்பத் வந்தது. வாப்பா குடிக்கவில்லை. கிளாசைச் சுற்றினார், மறுபக்கம் சுற்றினார். "உன்ட சாச்சாட்டச் சொல்லு…" என்று தொடங்கினார்.

"இதை நீங்க சொல்லுங்க, வாப்பா."

"நான் என்னத்துக்கு? நீதானே சொல்ற வழக்கம்."

"எனக்குக் கால் நோகுது."

"வாய்தானே சொல்லப்போகுது?"

"வாயும் நோகுது."

சாச்சா எலுமிச்சை வெட்டுவதை நிறுத்தினார். நான் ஸ்ட்ரோவை வாய்க்குள் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். கடலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு தோணிகூட இல்லை. மிகவும் கஷ்டப்பட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா மாட்டேன் என்றால் சனிக்கிழமை நான் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதான்.

வாப்பா நன்னாரிப் போத்தலைப் பார்த்துச் சொன்னார்: "திங்கட்கிழமையில இருந்து இவளுக்கு டவுனில வகுப்பு. பஸ்ஸைக் கொஞ்சம் நிப்பாட்டி ஏத்திவிட வேணும்."

போத்தல் ஒன்றும் சொல்லவில்லை.

சாச்சா பழக்கத்தில் என்னிடம் திரும்பினார். "உன்ட வாப்பாட்டக் கேளு, எத்தனை மணிக்கெண்டு."

நான் வாய் நிறையச் சர்பத் வைத்திருந்தேன். விழுங்கவில்லை.

சாச்சா காத்துக்கொண்டிருந்தார். கத்தியைத் துடைத்தார். கையைத் துடைத்தார். மேசையைத் துடைத்தார். துடைக்க வேறு ஒன்றும் இல்லாமல் போனதும், "எத்தனை மணிக்கு, காக்கா?" என்றார்.

வாப்பா தம்பியின் பக்கம் திரும்பி இருந்தார். கதிரை கிரீச் என்றது. "எட்டுக்கு அங்க நிக்கவேணும்."

"அப்ப ஏழுமணி பஸ் சரிவராது. அதில சனம் கூட. அதுக்கு முந்தினதில ஏத்துறன்."

"முந்தினது வேணாம். அவன் பாலத்தில பறப்பான்."

"ஏழுமணிக்காரன் மட்டும் ஊர்ந்தா போறான்? உங்களுக்குப் பஸ்ஸைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கா தெரியாது? நீ ஒரு மதிலுக்கே அளவு தெரியாத ஆள்!"

"மதிலா? மதிலைக் கதைக்க வந்தீங்களா? கதைப்பம், வாங்க!"

இருவரும் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். நேராக, முகத்துக்கு முகம், நடுவில் நான் இல்லாமல். சர்பத் குடிக்க வந்த இருவர் காத்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் விழுங்கிவிட்டு, "சாச்சா, எனக்கு இன்னும் ஒண்டு" என்றேன்.

இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.