வலென்சியாவுக்குப் போன இருட்டு

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய நாளில் பெரியசாமியோடு கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறி வந்த இருட்டு, அதன்பிறகு இருபத்து சொச்ச வருஷம் அவர் வீட்டிலேயே இருந்தது. கீழே இருந்து வருகிறவர்களைத் தோளைத் தொட்டு எண்ணித்தான் வெளியே விடுவார்கள். எண்ணிவிட்டால் அந்த ஆளுக்கு ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அன்றைக்கு ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுததில் எண்ணுகிறவரும் சேர்ந்து அழுதுவிட்டார், எண்ணவில்லை. சுரங்கத்தின் வெக்கை கீழேயே நின்றுகொண்டது. இருட்டு மட்டும், ஷிஃப்ட் முடியாத ஆளைப் போல, கேஜிலிருந்து கடைசியாக இறங்கிய பெரியசாமியின் பின்னாலேயே சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவர் லைன் வீடு வரைக்கும் வந்து, அவர் உட்கார்ந்ததும் தானும் உட்கார்ந்தது. அவர் எங்கே போனாலும் கூடவே போகும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மண்டபமே இருண்டுபோய், பாவம், ஜெனரேட்டர்காரன் வசவு வாங்கினான். அதோடு பெரியசாமி வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். புத்த பூர்ணிமாவுக்குக்கூட மனைவி சுலோச்சனாவை விகாரைக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருப்பார். ஊராரும் பழகிவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கையில் டார்ச் இருக்கும்.

மகள் தாரா அந்த இருட்டில்தான் வளர்ந்தாள், பல்பு வெளிச்சத்தில்தான் படித்தாள். விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவளுக்கு, கம்பெனி ஸ்பெயினில் இரண்டு இடம் காட்டியது. ஒன்று தலைநகரம் மாட்ரிட். சம்பளமும் பெரிசு, பதவியும் பெரிசு. இன்னொன்று வலென்சியா, கடலோர ஊர், தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்தும். தாரா யோசிக்கவே இல்லை, வலென்சியா என்றாள். பக்கத்து வீட்டு பாக்கியவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, ஊரு உலகமே தலைநகரத்துக்கு ஓடுது. நீ இன்னாத்துக்கு ஓரத்துக்குப் போறே?"

"வெயிலுக்கு அத்தே" என்றாள் தாரா. கோலாரில் இல்லாத வெயிலா என்று பாக்கியவதி கேட்டது நியாயம்தான். ஆனால் தாராவின் கணக்கே வேறு. இருட்டைத் தன்னோடு கூட்டிப்போய், ஈரத்துணி போல வெயிலில் காயப்போட்டுவிடுவது. அப்பா ஒரு நாளாவது மனிதர்கள் நடுவே போய் உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெரியசாமி சம்மதிக்கவில்லை. நான் பட்டது போதும், அது உன்னைப் பிடித்துக்கொண்டால் நீ யார் முகத்தில் முழிப்பாய் என்று பயந்தார்.

"பெரிய ஊருன்னா நானும் பயப்படுவேன்பா. அங்க குளிரு வேற. வலென்சியா வெயிலுக்கு அது காஞ்சிடும், நீ அத்த எண்ணி மட்டும் அனுப்பு" என்றாள்.

கிளம்புகிற அன்று பெரியசாமி வாசற்படியில் நின்று, அந்தக் காலத்து முறைப்படி, வழியனுப்ப நின்ற சுலோச்சனாவின் தோளைத் தொட்டு ஒண்ணு என்றார், தாராவைத் தொட்டு ரெண்டு என்றார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தொட்டு மூணு என்றார். "ஷிஃப்ட் முடிஞ்சிது. போப்பா."

இருட்டு எழுந்து தாராவின் பெட்டிக்குள், ஊறுகாய் பாட்டிலுக்கும் கம்பளிக்கும் நடுவே இறங்கிக்கொண்டது. விமான நிலையத்தில் ஸ்கேன் திரையில் பெட்டி கன்னங்கரேல் என்று தெரிந்தது. என்ன இது என்றார்கள், அப்பாவுடையது என்றாள், அனுப்பிவிட்டார்கள். இங்கே லைன் வீட்டுக்குள் மறுநாள் வெயில் வந்தது. சுவரைப் பார்த்த சுலோச்சனா, "இவ்ளோ ஒட்டடையோடவா குடும்பம் நடத்தினேன்" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.

வலென்சியாவில் இருட்டு காயவில்லை. தாரா மாடியில் விரித்துப் பார்த்தாள், பால்கனியில் உதறிப் பார்த்தாள், அது அசையவில்லை. ஜூலையில் வெயில் உச்சந்தலையைப் பிளந்தபோது கீழ்வீட்டு அம்பாரோ என்ற விதவை கதவைத் தட்டி, உன் வீடு குளிர்ச்சியாக இருக்கிறதாமே, கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டாள். மறுநாள் அவள் தங்கை வந்தாள், பிறகு தபால்காரர், பிறகு கைக்குழந்தையோடு எதிர்வீட்டுப் பெண். மதியமானால் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து இருட்டில் உட்கார்ந்து பேசினார்கள், தூங்கினார்கள், போகும்போது ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு தாரா அந்த ஊரில் ஒரு நாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை. தலைநகரத்துக்குப் போகாததற்குத் தினமும் மனதாரச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு கோடை கழித்துப் பெரியசாமி மகளைப் பார்க்க வந்தார். வாசலிலேயே தயங்கினார், தன்னைக் கண்டதும் இருட்டு பழைய பாசத்தில் மறுபடி தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம். உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருட்டில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அம்பாரோ தடவிப் பார்த்து அவர் கையைப் பிடித்து, உங்கள் புண்ணியத்தில்தான் இந்தக் கோடையைத் தாண்டுகிறோம் என்றாள். தாரா அதைத் தமிழில் சொன்னாள். பெரியசாமி வெகுநேரம் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கடலைப் பார்க்கப் புறப்பட்டார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். இருட்டு எழவில்லை, எதிர்வீட்டுக் குழந்தை அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பால்கனியிலிருந்து தாரா பார்த்தாள். ஆரஞ்சு மரங்களைத் தாண்டி அப்பா போய்க்கொண்டிருந்தார், பின்னால் அவர் நிழல் மட்டும் போனது, எல்லோருக்கும் போவதுபோல.