மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஷாங்காய்

1981ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து, பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேற்கே நாச்சிமுத்துவின் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடும்போதெல்லாம் மோட்டார் ரூமின் பின்கதவு ஷாங்காயில் திறந்தது. மோட்டார் நின்றால் பழையபடி சோளக்காடு. அந்த வருஷம் மோட்டார் ஓடத் தோதான கரண்ட் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் வந்தது. ஆகவே ஷாங்காயும் ஆறிலிருந்து பத்து வரைதான் இருந்தது. பாம்பு வருகிறதென்று ஆணியடித்து வைத்திருந்த கதவு அது. மண்வெட்டியைத் தேடப்போன நாச்சிமுத்து ஆணியைப் பிடுங்கித் திறந்தபோது, நீலச்சட்டை போட்டவர்கள் நூற்றுக்கணக்கில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் கதவைச் சாத்தினார். அடுத்த பாத்திக்கு மடை மாற்றிவிட்டு வந்து மறுபடி திறந்தார். சைக்கிள்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து மனைவி ஆத்தாயியிடம் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "பாம்பு ஏதாச்சுங் கெடந்துதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாம்பில்ல புள்ள. ஊரு."

"அப்படீன்னா செரி," என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். ஆத்தாயி கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் சூடான காப்பி குடித்ததில்லை. வீட்டாட்கள், காட்டாட்கள், வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் அவளுடையது ஆறி ஆடை படிந்துவிடும். அதையும் நின்றபடியே குடிப்பாள்.

அந்த ஊர் ஷாங்காய்தான் என்று கண்டுபிடித்தது சூரமங்கலத்துச் சவரியார். இளவயதில் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தவர். நாச்சிமுத்து முதல்நாள் அந்தத் தெருவில் நுழைந்த கடையில், கேட்காமலேயே வெள்ளைக் காகிதத்தில் சுற்றி எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். சவரியார் ஒரு வாய் கடித்தார். கொஞ்ச நேரம் மெல்லவே இல்லை.

"தம்பி, இந்த வெண்ணெய முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரே ஒரு ஊர்லதான் தின்னுருக்கேன். இது ஷாங்காய் சாண்ட்விச். உனக்கு எங்க கெடைச்சுது?"

"நம்ம மோட்டார் ரூமுக்குப் பின்னாலீங்க," என்றார் நாச்சிமுத்து.

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவுக்கு அதுவே வேலையாகிவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாகப் போவார். வெள்ளைக்காரன் பாணியில் நடத்தும் கடைகள் அந்தத் தெருவில் ஆறு இருந்தன. ஒன்றில் பியானோ இருந்தது, வாசிக்க ஆளில்லை. ஒன்றுக்கு மாடிப்படி ஏறவேண்டும். ஒன்றில் கோழிக்கறி வைத்த ரொட்டி, இன்னொன்றில் முட்டையும் வெள்ளரியும். இரண்டு கையாலும் பிடித்துத் தின்னவேண்டிய பண்டத்தை, சோற்றில் இடதுகை படலாமா என்று அவர் வலதுகையாலேயே பிடித்து, பாதியை மடியில் கொட்டிக்கொண்டார். பால் ஊற்றாத காப்பியை அண்ணாந்து ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் காசும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் ஓசியில் வயிறு நிறையும்போது சந்தேகப்படுகிற மனுஷன் அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. சவரியாரும் மூன்றுமுறை கூடப்போய் வயிறாரத் தின்றுவிட்டு வந்தார். ஆத்தாயியை வா என்று யாரும் கூப்பிடவில்லை. மாட்டைப் பிடித்துக் கட்ட ஆளில்லையே என்று அவளும் கூட வரக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வீட்டில் இருந்தவள் அவள்தான். புரட்டாசியில், நாச்சிமுத்து படுத்தால் கயிற்றுக்கட்டில் முன்போலத் தொய்யவில்லை என்பதைக் கவனித்தாள். ஐப்பசியில் அவர் வாய்க்கால் சேற்றில் நடந்துவந்தார், தடம் பதியவில்லை. கார்த்திகையில் அவர் பக்கத்தில் போய் நின்றாலும் நாய் தலை தூக்கவில்லை. மார்கழி வெயிலில் அவர் நிழல் பலதடவை துவைத்த சேலைபோல வெளுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் சொகமில்லீங்களா?"

"எனக்கென்ன புள்ள, வவுறு நெறஞ்சிருக்குது," என்றார். குரல் அடுத்த தோட்டத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

தை மாதம் பொங்கல் கழிந்த புதன்கிழமை முதல்தடவையாக ஆறாவது கடைக்குப் போனவர் திரும்பவில்லை. வழக்கமாக நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாலும், பத்து மணிக்குக் கரண்ட் போனதும் தெரு மறைந்து சோளக்காட்டில் நின்றுகொண்டிருப்பார். இரண்டுமுறை கையில் கோப்பையோடுகூட நின்றிருக்கிறார். அன்றைக்குச் சோளத்தட்டைகளுக்கு நடுவே துண்டு மட்டும் கிடந்தது. ஆத்தாயி உச்சிவெயில் சாயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சூரமங்கலத்துக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே மோட்டாரைப் போட்டாள். சவரியாரோடு பின்கதவைத் தாண்டினாள். தேட வேண்டியே இருக்கவில்லை. முதல் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். ஆத்தாயிக்கு உயிர் வந்தது. ஆனால் அவர், பஸ்ஸில் எதிர்ச்சீட்டில் இருப்பவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவரியார் அவள் முழங்கையைத் தொட்டு எதிர்வரிசையைக் காட்டினார். அங்கே மாடிக்கடை ஜன்னலிலும் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். பியானோ இருந்த கடையிலும் இருந்தார். ஆறு கடையிலும் ஆறு பேர், அதே சட்டை, அதே மீசை. சவரியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆத்தாயி அழவில்லை. சவரியாரை ஏற இறங்கப் பார்த்தாள். "சவரியாரண்ணா, நீங்களும் இங்க வந்து தின்னீங்கல்லோ? உங்கள ஒருத்தரையுங் காணமே?"

"தின்னேன் அம்மிணி. தின்னுட்டு, தொடைச்ச காயிதத்தக் கசக்கிப் போட்டுட்டு எந்திரிச்சு வந்தேன்."

நாச்சிமுத்துவின் முன்னால் இருந்த காகிதத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். கசங்காமல், தன் பக்கமாக மடித்து வைத்திருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. விருந்துக்குப் போனால் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடரட்டும், இன்னும் வருவோம் என்று அதற்கு அர்த்தம். எழவு வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். இது இத்தோடு தீரட்டும் என்று அர்த்தம். நாச்சிமுத்து பந்திமரியாதை தெரிந்த குடும்பத்து ஆள். இலை இல்லாத ஊரில் காகிதத்தை இலையாக நினைத்து, ஆறு கடையிலும் உறவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர்களும் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பங்கை நிறுத்திவைத்துக்கொண்டார்கள்.

"பிரிச்சு அந்தப் பக்கமா மடிச்சுட்டா?" என்றாள்.

"அது சாவு மடிப்பு அம்மிணி. ஆளே இல்லாமப் போயிட்டா?"

"இப்ப மட்டும் இருக்கறாருங்களா?"

தாலி கட்டியவன் கண்முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் இலையை எழவு வீட்டு மடிப்பாக மடிக்க எவளுக்குக் கை வரும்? ஆத்தாயிக்கு வந்தது. முதல் கடைக்குள் போய், காகிதத்தை விரித்து எதிர்ப்பக்கமாக மடித்து நகத்தால் அழுத்தினாள். நாற்காலி காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடு மட்டும் இருந்தது. மோட்டார் ரூமுக்கு ஓடிய சவரியார் முன்வாசல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, தெருவுக்கு வந்து கத்தினார்.

"வாய்க்கா மேட்டுல நெழலு வந்துருச்சு அம்மிணி! ஆளக் காணம், நெழலு மட்டும் நிக்குது!"

பிறகு அவள் நிற்கவில்லை. மாடி ஏறினாள், இறங்கினாள். மூன்றாவது கடையில் மட்டும் நாச்சிமுத்து அவள் கையைப் பார்த்து, "என்னத்துக்கு மடிக்கற?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே மடித்தாள். ஒரே காலையில் ஆறுமுறை தாலியறுத்தவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு மடிப்புக்கும் சவரியார் கத்தினார். கால் தெரிகிறது, வேட்டி தெரிகிறது, நாய் குரைக்கிறது. ஆறாவது கடையில் மடித்து முடித்தபோது மணி ஒன்பதரை.

"முழுசா வந்துட்டாரு அம்மிணி! உன்னையத்தான் கேக்கறாரு. வா, கரண்ட் போயிரும்!"

ஆத்தாயி கிளம்பத்தான் திரும்பினாள். அதற்குள் வெள்ளைக்கோட்டுக்காரன் ஒருவன் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்காக யாரும் எதையும் இழுத்துப் போட்டதில்லை. முந்தின நாளிலிருந்து அவள் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை. காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் கோப்பையில் காப்பியும் வந்தன. காப்பியிலிருந்து ஆவி பறந்தது.

"வாரேன்னு சொல்லுங்ணா," என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கசந்தது. ஆனால் சூடாக இருந்தது. நாக்கு பொறுக்கிற சூட்டில், அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இரண்டு கையாலும் ரொட்டியைப் பிடித்துத் தின்றாள். பத்து மணிக்குக் கரண்ட் போனபோது, கையில் வெண்ணெய் வாசனையோடு சோளக்காட்டில் நின்றாள். வாய்க்கால் மேட்டில் ஆழமாகத் தடம் பதித்து நின்ற நாச்சிமுத்துவுக்கு எதுவும் நினைவில்லை. "எங்க போயித் தொலைஞ்ச? பசி உசுரு போவுது," என்றார். அவள் போய்ச் சோறு போட்டாள்.

அடுத்தநாள் காலை மோட்டார் ஓடும்போது அவள் பின்கதவைத் திறந்து பார்த்தாள். ஆறாவது கடை ஜன்னலில் ஆத்தாயி உட்கார்ந்திருந்தாள், நேற்றைய சேலையில், முன்னால் ஆவி பறக்கும் கோப்பையோடு. காகிதம் தன் பக்கமாக மடித்திருந்தது. பழக்கதோஷத்தில் மடித்துவிட்டேன் என்று கூடநின்ற சவரியாரிடம் ஆத்தாயி சொன்னாள். ஆனால் முந்தினநாள் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர், அவள் அதை இரண்டுமுறை நகத்தால் நீவி மடித்ததைக் கண்டிருந்தார்.

"நான் வேணா போயி அந்தப் பக்கமா மடிச்சுட்டு வரட்டுமா அம்மிணி?"

"இருக்கட்டுங்ணா. அவளாச்சும் உக்காந்து குடிக்கட்டும்."

அதன் பிறகு ஆத்தாயியின் நிழல் கொஞ்சம் வெளுத்துத்தான் விழுந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. முன்னாலும் அதை யாரும் பார்த்ததில்லை. 1986 வறட்சியில் கிணறு வற்றியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர் போட்டது, புது மோட்டார் பூமிக்குள் இறங்கியது. பழைய மோட்டார் ரூமை இடித்தால் செங்கல்லாவது மிஞ்சும் என்றார் நாச்சிமுத்து. அவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்லாத ஆத்தாயி, "அது இருக்கட்டுங்க," என்றாள். சொன்ன விதத்தில் அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். இன்றைக்கும் தினம் காலையில் தண்ணீரில்லாத அந்தக் கிணற்றின் மோட்டார் கால்மணி நேரம் ஓடுகிறது. வறண்டு ஓடியும் மோட்டாரின் கம்பிச்சுருள் ஒருநாளும் எரிந்ததில்லை. சத்தம் கேட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், "ஆத்தாயி காப்பி குடிக்கறா," என்று சொல்லிக்கொண்டு அவரவர் மடையைப் பார்க்கப் போகிறார்கள்.